விழுந்த மோட்டார் சைக்கிளை உடனே ஸ்ராட் செய்யாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாடு குறுக்கே வந்ததில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது, ஓட்டிச் சென்றவர் சிறு காயங்களுடன் தப்பினார் என்று நாலு வரிச் செய்தி வன்னியிலிருந்து அடிக்கடி வருகிறது. ஆள் தப்பியது நல்ல விடயம். அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. அதை எழுத என்னைப் போன்றவர்கள்தான் சரி, ஏனென்றால் மாங்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் என்னிடம்தான் அது வந்து சேர்கிறது.

என் அனுபவத்தில், சின்ன விபத்தில் எஞ்சின் பழுதாவது குறைவு. விழுந்த பிறகு அதே சைக்கிளில் வீடு வரை ஓடிப் போகிறார்களே, அந்த ஓட்டத்தில்தான் எஞ்சின் போகிறது.

ஒன்றைச் சொல்கிறேன். கடந்த அறுவடை நேரம், முல்லைத்தீவிலிருந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் விற்க வரும் ஒரு தம்பி, ஒட்டுசுட்டான் தாண்டி றோட்டில் காயப் போட்டிருந்த நெல்லில் சறுக்கி வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். வேகமே இல்லை. முழங்கையில் கொஞ்சம் உரசல், அவ்வளவுதான். கட்டியிருந்த மீன் பெட்டிகூட அவிழவில்லை. நிமிர்த்தி, உள்ளே வளைந்துபோன பிரேக் பெடலைக் கையால் இழுத்து விட்டு, ஸ்ராட் பண்ணியிருக்கிறார். உடனே ஸ்ராட் ஆகியிருக்கிறது. ஸ்ராட் ஆனால் பிறகென்ன, எல்லாம் சரி என்றுதானே நினைப்போம். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் 20 கிலோமீற்றருக்கு மேல், பெரும்பகுதி காடு. கரிப்பட்டமுறிப்பு கழிந்ததும் சத்தம் மாறியிருக்கிறது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் இழுவை குறைந்து, பின் சில்லு ஒரேயடியாக இறுகி நின்றுவிட்டது. பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“பெரிசா ஒண்டும் அடிபடேல்லை அண்ணை, சும்மா சரிஞ்சதுதான்” என்றார். உண்மைதான். பெரிதாக ஒன்றும் அடிபடவில்லை. எஞ்சினின் வலப்பக்க மூடியான கிளச் கவரைத் துடைத்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், நகத்தால் கீறியது போல ஒரு வெடிப்பு. பிரேக் பெடல் உள்ளே வளைந்தபோது அதன் வளைவு அந்த இடத்தில் இடித்திருக்கிறது. அடி நட்டைக் கழற்றினால், வர வேண்டிய ஒயில் வரவில்லை. கறுப்பாக இரண்டு மூன்று கரண்டி வந்தது. அதை விரலில் தொட்டு வெயிலில் பிடித்தபோது வெள்ளித் தூள் மினுங்கியது. அது பிஸ்டனிலிருந்து உரசி வந்த அலுமினியம். உள்ளே பிஸ்டனின் பக்கம் முழுக்க வரி வரியாகக் கிழிந்து, றிங் அசையாமல் ஒட்டிப்போய், மேலே வால்வைத் திறக்கும் கேம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கவரும், கசியாமல் அதன் இடையில் வைக்கும் பக்கிங்கும் மாற்றியிருந்தால் மத்தியானம் வீடு போயிருக்கலாம். அதற்குப் பதிலாக எஞ்சின் மேல்பாகமான ஹெட்டில் வேலை, பிஸ்டன் ஓடும் துளையைக் கடையும் போர் வேலை, புதுப் பிஸ்டன், லேத்காரரிடம் காத்திருப்பு. அந்த மோட்டார் சைக்கிள் நின்றால் அவருக்கு வியாபாரமும் நின்றது.

இந்தச் சின்ன எஞ்சின்களில் உள்ள ஒயில் ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். தண்ணீர் ரேடியேற்றர் கிடையாது. காற்றும் ஒயிலும்தான் சூட்டை ஆற்ற வேண்டும். ஒயில் குறைந்தால் முதலில் காய்வது மேலே இருக்கும் ஹெட். காரில் போல ஒயில் இல்லை என்று சிவப்பு லைற் எரிந்து காட்டும் வசதி பெரும்பாலான நூறு சிசி சைக்கிள்களில் இல்லை. எஞ்சினும் கடைசி நேரம் வரை நன்றாகத்தான் ஓடும். அதுதான் ஏமாற்று.

“விழுந்தால் என்ன, ஸ்ராட் பண்ணிப் பார்” என்று மூத்தவர்கள் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் ஓட்டியது பழைய இரண்டு ஸ்ரோக் யமஹா, சுசுக்கி. அவற்றில் பிஸ்டனுக்கான ஒயில் பெற்றோலோடு கலந்தே போகும். கியர் பெட்டி ஒயில் ஒழுகினாலும் பிஸ்டன் உடனே இறுகிப் பிடிக்காது, வீடு வந்துவிடலாம். இப்போது றோட்டில் ஓடுவது பெரும்பாலும் நான்கு ஸ்ரோக். பிஸ்டன், கேம், கிளச், கியர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஒயில்தான். பழைய புத்திமதி இதற்குப் பொருந்தாது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் ஊற்றி, சூப்பிப் போத்தலால் காபிறேற்றருக்குள் பெற்றோல் அடித்து ஸ்ராட் பண்ணித் தொழில் பழகியவன் நான். எஞ்சின் எதையெல்லாம் தாங்கும் என்று அப்போதே பார்த்திருக்கிறேன். ஒயில் இல்லாமையை அது தாங்காது.

சரி, நடுக்காட்டில் விழுந்தவர் என்னதான் செய்வது? அங்கேயே இரு என்று சொல்ல எனக்கும் மனம் வராது. பொழுதுபட்டால் யானை வரும் இடங்கள் நமக்குத் தெரியும். ஆனால் ஐந்து நிமிடம் செலவழிக்கலாம். விழுந்தவுடன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் சாவியை நிறுத்துங்கள். சரிந்து கிடக்கும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றைத்தான் இழுக்கும். பிறகு சமமான இடத்தில் நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்தி, ஒயில் கீழிறங்க விட்டு, எஞ்சினில் உள்ள ஒயில் கண்ணாடியிலோ ஒயில் அளக்கும் கம்பியிலோ மட்டத்தைப் பாருங்கள். கவரின் கீழ் ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, எஞ்சினுக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரியுங்கள். (உங்கள் பத்திரிகையானாலும் பரவாயில்லை, ஆசிரியர் கோபிக்கக் கூடாது.) தாளில் சொட்டு விழுந்தால் அந்தச் சைக்கிளை ஓட்டாதீர்கள். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியிலோ பட்டாவிலோ ஏற்றி அனுப்புங்கள். ஏற்றுக் கூலியையும் எஞ்சின் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மலிவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

மக்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. சரிந்து கிடந்த சைக்கிளை ஸ்ராட் பண்ணியதும் வெள்ளையாகப் புகை தள்ளும். அதைக் கண்டு எஞ்சின் முடிந்தது என்று தலையில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் ஒயில் போகக்கூடாத இடத்துக்குள் போயிருக்கும், எரிந்து தீர்ந்ததும் புகை நிற்கும். மட்டம் சரியாக இருந்து, புகையும் நின்றுவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. நிற்கவில்லை என்றால் கொண்டு வாருங்கள். ஒயில் கம்பியை மணந்து பார்த்தால் பெற்றோல் மணம் பலமாக அடிக்கிறதா, அப்போதும் ஓட்டாமல் ஒயிலை மாற்றிவிடுங்கள். காபிறேற்றர் வழிந்து பெற்றோல் உள்ளே இறங்கினால் ஒயில் தண்ணீர் போல இளகிவிடும்.

வெடிப்பில் சவர்க்காரம் அப்பிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பெற்றோல் ராங்க் ஒழுகினால் சவர்க்காரம் நல்ல கைவைத்தியம், நாங்களும் செய்திருக்கிறோம். சூடேறும் எஞ்சின் கவரில் அது உருகி ஓடிவிடும். எம் சீல் என்கிற ஒட்டுப் பசையும் ஒயில் கசியும் இடத்தில் ஒட்டாது. வெடித்த கவருக்கு வெல்டிங் அடித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அடிக்கலாம், ஆனால் சூட்டில் கவரின் முகம் கோணினால் பக்கிங் உட்காராது, பிறகு வேறு இடத்தால் கசியும். கிடைக்கும் மாடலுக்குப் புதுக் கவர் போடுவதுதான் என் வழக்கம்.

நெல் காயப் போடுபவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. நானும் ஒரு துண்டு வயல் செய்கிறவன், காயப் போடத் தளம் இல்லை என்றால் தார் றோட்டுத்தான் தளம். பரப்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது வைத்தால் போதும். கட்டாக்காலி மாடுகள் விடயம் வேறு. அவற்றுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள், இரவில் சூடான றோட்டில் படுக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். பிரதேச சபை பிடித்து அடைத்தால் மறுநாளே ஓடி வருகிறார்களே.

கடைசியாகக் காப்புறுதி. பொலிஸ் மறித்துக் கேட்கும்போது காட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, நாம் இடித்தவருக்குத்தான். நம் எஞ்சினுக்கு அதில் ஒரு சதமும் வராது. லீசிங்கில் எடுத்தவர்களிடம் முழுக் காப்புறுதி இருக்கும், அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. விபத்துக்குப் பிறகு திருத்தாமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால், கூடிய பகுதிக்குக் காப்புறுதிக் கம்பனி பொறுப்பில்லை. அந்த மீன் வியாபாரித் தம்பிக்கு இதே பதில்தான் கிடைத்தது. கவருக்குத் தரலாம், எஞ்சினுக்கு இல்லை என்றார்கள். பத்திரத்தின்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது, கையெழுத்து வாங்கும்போது அந்த வரியை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. எஞ்சினை நான் பிரித்த பிறகுதான் அவர் அதைக் கேள்விப்பட்டார். காப்புறுதி இருந்தால், விழுந்த இடத்தில் நின்றே அவர்களுக்கு அழையுங்கள், படம் எடுத்து வையுங்கள், அவர்கள் பார்க்கும் முன் கராஜ்காரரைப் பிரிக்க விடாதீர்கள்.

லீசிங் விற்க வரும் பிள்ளைகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று சந்தி சந்தியாக நின்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். தவணைக் கணக்கு அதில் நல்ல தமிழில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த நிபந்தனையையும் அதே தமிழில், அதே அளவு எழுத்தில் யாராவது அச்சடித்துத் தந்தால், ஒட்டுவதற்கு என் கராஜ் சுவரில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.