மருந்து ஆய்வு நடத்துபவர்களே, எட்டு வாரத்துக்கு அப்புறம் என்ன?

மனச்சோர்வுக்கும் பைபோலார் நோய்க்கும் மருந்து ஆய்வு நடத்துபவர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம். மனநிலை ஒரு காலம் அளவு மீறிப் பொங்கியும் இன்னொரு காலம் சோர்ந்தும் போகும் பைபோலார் நோய் உள்ள என் அக்காவின் மாத்திரை டப்பாவை வாரா வாரம் நிரப்புவது நான்தான். நீங்கள் எழுதும் முடிவுகள் கடைசியில் அந்த டப்பாவுக்குள்தான் வந்து விழுகின்றன, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மனச்சோர்வு மருந்துகளுக்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வாரத்தில் முடிந்துவிடுகின்றன. மருந்தை எடுப்பவர்களோ ஆண்டுக்கணக்கில் எடுக்கிறார்கள். எடை எவ்வளவு ஏறும், தாம்பத்தியத்தில் என்ன சிக்கல் வரும், நிறுத்தப் போனால் உடம்பு என்ன பாடுபடும் என்பதெல்லாம் எட்டு வாரத்தில் எப்படித் தெரியும்?

அப்புறம் உங்கள் அளவுகோல். 1960இல் மனநல மருத்துவர் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட 17 கேள்விப் பட்டியல்தான் இன்னும் பல ஆய்வுகளில் தீர்ப்புச் சொல்கிறது, மொத்தம் 52 மதிப்பெண், கூடினால் சோர்வு அதிகம், குறைந்தால் தேறுகிறார் என்று கணக்கு. அதில் மூன்று கேள்விகள் தூக்கத்துக்கு மட்டும்: படுத்ததும் தூக்கம் வருகிறதா, நடுராத்திரியில் விழிப்பு வருகிறதா, விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறீர்களா. அந்த மூன்றுக்கே ஆறு மதிப்பெண் வரை போகும். வேலை, ஈடுபாடு என்று அன்றாட வாழ்க்கையைக் கேட்பது ஒரே ஒரு கேள்வி. மருந்துக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் உள்ள சராசரி வித்தியாசமோ பல ஆய்வுத் தொகுப்புகளில் இரண்டு மதிப்பெண்ணைச் சுற்றித்தான் நிற்கிறது. அப்படியென்றால் ஆளை அசத்தித் தூங்க வைக்கும் மாத்திரை ஒன்று, மனசைத் தொடாமலேயே அந்த இரண்டைக் குறைத்துக் காட்டிவிட முடியும். அக்கா தேறி வருகிறாள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? சொல்லாமலே தலை வாரிக்கொள்வாள். போன் அடித்தால் எடுப்பாள். பாதியில் நின்ற தையலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இதையெல்லாம் அளக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், நோயாளிகளையும் வீட்டாரையும் உட்கார வைத்துக் கேட்டால் கேள்விகளை அவர்களே எழுதித் தருவார்கள்.

யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால் வேண்டாம், குடிப்பழக்கம் இருந்தால் வேண்டாம், கூடவே வேறு நோய் இருந்தால் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே போனால் மிச்சம் இருப்பவர் எந்த மருத்துவர் அறை வாசலில் காத்திருக்கிறார்? பைபோலார் உள்ளவர்களுக்குச் சோர்வு வந்தால் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தோடு சோர்வு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 366 பேரிடம், 26 வாரம் வரை அதைச் சோதித்து, கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2007இல்தான் முடிவு வந்தது. அத்தனை காலம் அந்தக் கேள்வி ஏன் காத்திருந்தது?

பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் இன்னொரு வருத்தம். 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் அதன் பலனை எழுதினார். இயற்கையில் கிடைக்கும் தனிமம், யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் அதில் பெரிய கம்பெனிகளுக்கு ஆர்வம் இல்லை. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது, சிறுநீரகத்தையும் தைராய்டையும் எப்படிக் காப்பது என்பதற்குப் பொதுப்பணம்தான் வர வேண்டும், அதை ஒதுக்குங்கள்.

தோல்வியில் முடிந்த ஆய்வுகளையும் வெளியிடுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான, 12 சோர்வு மருந்துகள் பற்றிய 74 ஆய்வுகளை 2008இல் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. சாதகமாக முடிந்த 38இல் 37 அச்சாகியிருந்தன. அப்படி முடியாத 36இல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமானது போன்ற தோற்றத்தில் வந்தன, உள்ளது உள்ளபடி வந்தவை மூன்று.

அந்த 22 ஆய்வுகளிலும் மனிதர்கள் ரத்தம் கொடுத்தார்கள், போலி மாத்திரையாக இருக்கலாம் என்று தெரிந்தே விழுங்கினார்கள். இனி நீங்கள் நடத்தும் ஒவ்வொரு ஆய்விலும், ஜெயித்தாலும் தோற்றாலும், பங்கெடுத்தவர் வீட்டுக்கு அவர் படிக்கும் மொழியில் ஒரு பக்க முடிவு போய்ச் சேர வேண்டும். அதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.