செல்விக்கு, உன் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1. சர்க்கரை நோய் என்று சொல்லும் 6.5 இன்னும் வரவில்லை. உன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நாற்பதுகளில்தான் ஆரம்பித்தது, அதனால் உனக்கு 43-ல் எட்டிப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. ரிப்போர்ட்டைவிட அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னை உறுத்தியது. "எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதும்மா, பிறவிக் குணம்."

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நர்ஸ் வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். 'வாயைக் கட்டு' என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படிக் கட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஜெர்மனியில் 205 பேரிடம் கையடக்கக் கருவியைக் கொடுத்து, இப்போது என்ன ஆசை வருகிறது, அதைத் தடுக்கிறீர்களா என்று நாள் முழுக்க அவ்வப்போது கேட்டார்கள். 2012-ல் முடிவு வந்தது. கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் இல்லை. தொந்தரவு தரும் ஆசையே அவர்களுக்குக் குறைவாகத்தான் வந்தது. உன் வீட்டில் டிவி பக்கத்திலேயே மிக்ஸர் டப்பா, அதுவும் மூடி கழன்ற நிலையில். ராத்திரி பத்து மணிக்கு, நாள் முழுக்க கவுண்டரில் உட்கார்ந்து எழுந்து வந்தவள் அதில் கைவைக்காமல் இருந்தால்தான் அதிசயம். மாப்பிள்ளைக்கு மிக்ஸர் வேண்டுமென்றால் பரண் மேல் வைக்கச் சொல்.

சரி, மனக்கட்டுப்பாட்டை வளர்க்க ஏதாவது ஆப் வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். மூளைப் பயிற்சி என்று வரும் பொதுவான விளையாட்டுகளுக்குப் பணம் கட்டாதே. அவற்றை ஆடினால் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரியாவாய். அந்தக் கெட்டிக்காரத்தனம் சமையலறைக்கு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இப்படி மிகைப்படுத்தி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 2016-ல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆனால் சாப்பாட்டையே வைத்துச் செய்யும் பயிற்சி வேறு ரகம். பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நடாலியா லாரன்ஸ் குழுவினர் 83 பேரிடம் செய்து 2015-ல் வெளியிட்டார்கள். திரையில் படங்கள் வேகமாக வரும். சிலவற்றுக்கு உடனே பட்டனை அழுத்த வேண்டும். சிப்ஸ், பிஸ்கட் மாதிரி கொழுப்பும் இனிப்பும் மிகுந்த பண்டம் வந்தால் அழுத்தாமல் கையை நிறுத்த வேண்டும். பத்துப் பத்து நிமிடமாக நான்கே தடவை. மற்ற குழுவுக்குச் சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத படங்களை வைத்து அதே ஆட்டம். பண்டங்களைப் பார்த்துக் கையை நிறுத்தியவர்களுக்கு எடை கொஞ்சம் இறங்கியது, சாப்பிட்ட கலோரியும் குறைந்தது. எனக்குப் பிடித்த விஷயம், அந்தப் பண்டங்கள் மேல் இருந்த பிரியமே குறைந்ததுதான். பிரியம் குறைந்தால் எதோடு மல்லுக்கட்டுவது? பெரிய மாற்றம் இல்லை, மருந்துக்கு மாற்றும் இல்லை. ஆனாலும் இந்த மாதிரி ஆப் இலவசமாகக் கிடைத்தால் தாராளமாக ஆடு.

நான் அதைவிட நம்புவது, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்பே எழுதி வைக்கும் ஒரு வாக்கியத்தை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் பல வருடம் இதை ஆராய்ந்தார். 2006-ல் அவரும் ஷீரன் என்பவரும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் நன்றாகவே தெரிந்தது. 'குறைத்துக்கொள்வேன்' என்று நினைப்பது போதாது. 'இந்த நேரத்தில் இது நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். உன் பேங்கில் நாலரை மணிக்கு பஜ்ஜிப் பொட்டலம் வரும் என்று நீதானே சொன்னாய். பேப்பரில் எண்ணெய் ஊறி, சட்னி ஒரு கவரில் கட்டி, மேசை மேசையாகப் போகும். அது வரும்போது யோசிக்க ஆரம்பித்தால் கை முந்திக்கொள்ளும். அதனால் காலையிலேயே எழுதி வை: "பொட்டலம் என் மேசைக்கு வந்தால், சுண்டல் டப்பாவைத் திறந்து பக்கத்துக்குத் தள்ளிவிடுவேன்." அப்புறம் சுண்டல் டப்பா பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ராத்திரிக்கு இன்னொன்று. இப்போதைய ருசியும் பிற்கால உடம்பும் எதிரெதிரே நிற்கும்போது நமக்கு இப்போதையதுதான் பெரிதாகத் தெரியும். அமெரிக்காவில் பஃபலோவில் லெனர்ட் எப்ஸ்டைன் குழு பெண்களிடம் சோதித்தது. தங்களுக்கு வரப்போகும் ஒரு நல்ல நாளை விவரமாக மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவசரப்பட்டுத் தேர்வது குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. 'ஆரோக்கியமாக இருப்பேன்' என்று பொதுவாக நினைத்தால் ஒன்றும் நடக்காது. உன் மகள் நிலா பட்டம் வாங்கும் நாளை நினை. எந்தப் புடவை, யார் யார் வருகிறார்கள், அந்த அரங்கத்துப் படிகளை முழங்கால் வலி இல்லாமல் எப்படி ஏறுகிறாய், எல்லாமே.

நம் ஊர்ச் செய்தியையும் சொல்கிறேன். சென்னையின் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, உன்னைப் போலவே சர்க்கரை எல்லையில் நின்ற 537 ஆண்களை எடுத்துக்கொண்டது. வயது 35 முதல் 55. ஒரு பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றி அடிக்கடி எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். 2 வருடத்தில், எஸ்எம்எஸ் வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, எஸ்எம்எஸ் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. 2013-ல் வெளியானது. ஆண்களிடம் மட்டும் செய்தார்கள், ஆனால் வேளைக்கு ஞாபகப்படுத்த ஆள் இருப்பது பெண்களுக்கும் உதவும் என்றே நினைக்கிறேன். நமக்கு ஞாபகப்படுத்தத்தான் யாரும் இருப்பதில்லை.

அதனால் திங்கட்கிழமையிலிருந்து நாலேகாலுக்கு நான் மெசேஜ் அனுப்புவேன். பதில் போட வேண்டாம், பஜ்ஜி சாப்பிட்ட நாளில் ஒளிக்கவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி டெஸ்ட் எடுத்து, டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா