மிளகைப் போனில் கூப்பிடாதே

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ இருக்கும் பெர்த்துக்கும் நம் சிங்கப்பூருக்கும் மணி ஒன்றுதான், நினைத்தால் பேசிவிடலாம், இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். உன் அம்மாவும் உன் பக்கம் சேர்ந்துகொள்வாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நம் நாய்க்குட்டியை "மிளகு, கம் கம்!" என்று கூப்பிடுகிறாய் அல்லவா, அதை நிறுத்த வேண்டும்.

கோபித்துக்கொள்ளாதே. முதல் தடவை நீ கூப்பிட்டபோது அது ஓடி வந்து மூக்கை நீட்டியதை மட்டும்தான் நீ பார்த்தாய். அப்புறம் போனுக்குப் பின்னால் போய் முகர்ந்தது. சோபாவுக்கு அடியில் தேடியது. வாசல் கேட்டு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பியது. குரல் கேட்கிறது, ஆளைக் காணோம், வாசனை இல்லை, வாயில் போட ஒன்றும் இல்லை. நாலு ஞாயிறு இப்படியே போயிற்று. ஐந்தாவது ஞாயிறு நீ கூப்பிட்டதும் அது தலையைக்கூடத் தூக்கவில்லை. "தூங்குது போல" என்றாய். தூங்கவில்லை, கண்ணு. அந்தச் சத்தத்துக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது என்று படித்துக்கொண்டுவிட்டது.

பழி முழுக்க உன்மேல் இல்லை. "கம்" என்ற வார்த்தையைக் கெடுத்ததில் பெரும்பங்கு எனக்குத்தான். குளிப்பாட்ட "கம்". காது துடைக்க "கம்". உன் பழைய செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது "கம்", வந்ததும் ஒரு அதட்டல். மூன்று மாதக் குட்டிக்கு இதிலிருந்து என்ன புரியும்? செருப்பைக் கடித்ததற்குத் திட்டு என்றா புரியும்? அப்பாவிடம் போனால் திட்டு என்றுதான் புரியும். கீழே விளையாடிக்கொண்டிருந்த உன்னை நான் மாடியிலிருந்து கூப்பிட்டதெல்லாம் டியூஷனுக்குத்தான். நீ தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். ஐஸ்கிரீம் வண்டி அங்கிள் மணியை ஒரு தட்டு தட்டினால் போதும், எங்கிருந்தாலும் வந்து நிற்பாய். இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது.

மிளகு கலப்பினம், இங்கே சொல்வதுபோல் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. வீவக அடுக்குமாடி வீட்டில் இந்த மாதிரி நாயை, நாய்களைத் தத்துக் கொடுக்கும் அடோர் திட்டத்தின் கீழ்தான் வளர்க்கலாம். சிப், லைசென்ஸ் எல்லாம் வேண்டும், பயிற்சி வகுப்புக்கும் போயாக வேண்டும். நான் முதலில் முணுமுணுத்தேன், நாய்க்கு என்ன வகுப்பு என்று. போன பிறகுதான் தெரிந்தது, வகுப்பு எனக்கு.

சொல்லித்தரும் பெண் முதல் நாளே சொன்னது: கெட்டுப்போன வார்த்தையைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள். 'வா' என்று வைக்கலாமா என்று பார்த்தோம். வீட்டில் ஒரு நாளைக்கு நூறு 'வா' விழுகிறது. கீழே கோப்பிக்கடை அங்கிள் சீனத்தில் "லாய் லாய்" என்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் "கம் பாய் கம்" என்கிறார்கள். கடைசியில் உன் பாட்டி சொல்லும் வார்த்தை ஞாபகம் வந்தது: "ஓடியா!" நம் புளோக்கில் வேறு யாரும் அதைச் சொல்வதில்லை. 'யா'வைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் குரல் தானாகவே சந்தோஷமாகிவிடுகிறது. கோபமாக "ஓடியா" என்று சொல்லிப் பார், வராது.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயேதான். அம்மா அடுப்படியில், நான் படுக்கையறையில். அவள் ஒரு தடவை "ஓடியா" என்பாள். குட்டி போனதும் கழுத்துப்பட்டையை மெல்லப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு கோழி. அப்புறம் என் முறை. ஐந்தாறு தடவை, அதோடு சரி. அது சலிக்கும் முன்னால் நாம் நிறுத்திவிட வேண்டும். பட்டையைப் பிடித்த பிறகுதான் கோழி, இந்த வரிசை முக்கியம். இல்லாவிட்டால் கோழியைக் கவ்விக்கொண்டு கைக்கு எட்டாத தூரத்தில் நின்று சிரிக்கும்.

கோழி என்றால் தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் நெஞ்சுக்கறி, உப்பில்லாமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்குக் கிள்ளியது. உன் அம்மா கறிக்குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுவிக் கொடுக்கப் பார்த்தாள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தையே கெடுக்கும், கழுவினாலும் ஊறிய சாறு எங்கே போகும்? ரெண்டு நாள் இதில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஓடியா ஓடியா ஓடியா" என்றால் மூன்றாவதற்கு வந்தால் போதும் என்று அது கணக்குப் போடும். வராது என்று தோன்றினால் கூப்பிடவே கூடாது, நாமே பேசாமல் போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். குளியலுக்கு இப்போது அப்படித்தான். வந்த பிறகு பத்தில் ஒன்பது தடவை "போ, விளையாடு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்ற பயம் அதற்கு வரக் கூடாது.

புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். நீ கவலைப்படுவாய் என்றுதான். போன மாதம் ஒரு சாயங்காலம் கல்மேசைக்குக் கீழே மைனாக்கள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. மிளகு ஒரே இழுப்பு. பட்டையை நான் தளர்வாக மாட்டியிருக்கிறேன், தலை நழுவி வெளியே வந்துவிட்டது. மைனாக்கள் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் பறக்க, இது பின்னால் ஓட, இதன் பின்னால் நான். அறுபத்தைந்து வயதில் "டேய், டேய்" என்று கத்திக்கொண்டு! நான் ஓட ஓட அதற்கு ஒரே குஷி, அப்பா துரத்துகிறார், இது விளையாட்டு. அங்கே ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது.

உன் அம்மாதான் அசையாமல் யோசித்தாள். "ஓடியா!" என்று ஒரே ஒரு குரல், உடனே திரும்பி மின்தூக்கிப் பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டாள். சேலை கட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு. மிளகு நின்றது, மைனாவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, சட்டென்று திரும்பி அவளைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து பையிலிருந்த கோழி அத்தனையையும் கொட்டிவிட்டாள். எனக்குத் திட்ட வாய் வந்தது. கையாலேயே சைகை காட்டி என்னை அடக்கிவிட்டாள். எவ்வளவு லேட்டாக வந்தாலும் வந்ததற்குத் திட்டக் கூடாது, கயல். அதை நான் வகுப்பில் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன், செய்தது அவள்.

இப்போது பட்டை இறுக்கமாக இருக்கிறது, இரண்டு விரல் மட்டும் உள்ளே போகும். பொது இடத்தில் வாரை எப்படியும் கழற்ற முடியாது, சட்டம் அது. சனிக்கிழமை காலை கூட்டம் இல்லாத புல்தரையில் பத்து மீட்டர் கயிற்றோடு பழக்குகிறோம். பீஷான் பூங்காவில் வேலி போட்ட நாய்த்திடல் இருக்கிறது, ஆனால் மற்ற நாய்களுக்கு நடுவே அவிழ்த்துவிட்டுக் கூப்பிடும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. மிளகுக்கு ஐந்து மாதம் முடிகிறது. ஆறேழு மாதத்தில் காது கேட்காததுபோல் நடிக்கும் பருவம் வரும் என்கிறார்கள். வரட்டும், கயிறு இருக்கிறது.

டிசம்பரில் நீ வந்து இறங்கியதும் வாசலிலிருந்தே கூப்பிடாதே. பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார். அதுவே வந்து உன்னை முகரட்டும், போனில் கேட்ட குரலுக்கு உடம்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். அடுத்த நாள், அது உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெண்டடி தூரத்திலிருந்து ஒரு "ஓடியா". கோழியை முதலிலேயே கைக்குள் வைத்துக்கொள். குளிர்பெட்டியில் பச்சை மூடி போட்ட டப்பா அதனுடையது, உன் அம்மாவின் டப்பா சிவப்பு மூடி, மாற்றி எடுத்துவிடாதே.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எப்போதும்போல் எங்களைக் கூப்பிடு. நீ பேசும்போது மிளகு பக்கத்தில்தான் படுத்திருக்கும், போனைத் திருப்பிக் காட்டுகிறேன். பார்த்துக்கொள், பேர் மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா