துள்ளிக் குதித்தாளாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகள் முகாம் பற்றிய சென்ற வாரச் செய்தியில் 'சக்கர நாற்காலி கிடைத்த மகிழ்ச்சியில் சிறுமி துள்ளிக் குதித்தாள்' என்று எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். துள்ளிக் குதிக்கிற பிள்ளைக்குச் சக்கர நாற்காலி எதற்கு ஐயா?

என் மகளுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி, சுருக்கமாக 'சிபி'). இரண்டு வருடம் முன்பு இப்படியொரு முகாமுக்குக் காலை எட்டு மணிக்கே வரச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. கொடுத்தது பெரியவர்கள் உட்காரும் நாற்காலி. இருபுறமும் தலையணை சொருகினால்தான் சாயாமல் இருப்பாள். கால் மிதியை எட்டாது. படம் எடுக்கும்போது 'தலையணைய எடும்மா' என்றார்கள். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் தொங்கிய கால்களைக் காணோம், வெட்டிவிட்டார்கள்.

இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பெல்ட், முன்னால் பலகை என்று சிறு பிள்ளைகளுக்கான 'சிபி சேர்' இருப்பது தாங்கள் அறியாததா? அதைக் கேட்டதற்கு 'மூணு வருஷம் கழிச்சு வாங்க' என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் கொடுக்க 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கக் காத்திருக்க வேண்டிய அந்த இடைவெளி 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓராண்டுதான். இதை எனக்குச் சொன்னது அதிகாரி அல்ல, பிசியோதெரபிக்கு வரும் இன்னொரு தாய்.

பொம்மை வேறு கதை. 'இதுக்கு எதுக்குப் பொம்மை?' என்று கேட்டாள் என் நாத்தனார். 'இது' என்றுதான் சொன்னாள். எங்கள் தெரு மிக்சி ரிப்பேர்க் கடை அண்ணாச்சி, அட்டைத் துண்டின் இரு பக்கமும் செம்புத் தகடு ஒட்டி, ஆளுக்கொரு ஒயர் இழுத்து, மேளம் அடிக்கும் குரங்குப் பொம்மையின் பேட்டரிக்கும் அது தொடும் கம்பிச் சுருளுக்கும் நடுவில் செருகினார். ஒயரின் மறுமுனையில் காலிங் பெல் சுவிட்ச். அதன்மேல் சோப்பு டப்பா மூடி. விரல் மடங்காத என் மகள் முழங்கையால் அமுக்கினாள், குரங்கு அடித்தது. கையை எடுத்தாள், நின்றது. அன்று முழுக்க இதே வேலை. அண்ணாச்சி காசு வாங்கவில்லை. அவரை யாரும் படம் எடுக்கவுமில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. முகாம் முடிந்த பிறகு படம் போடுகிறீர்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே தேதி, இடம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களை நாலு வரியில் போடுங்கள். பிள்ளையின் இடுப்பு அகலத்தையும் முழங்கால் உயரத்தையும் அளந்து எழுதி வரச் சொல்லி இன்னொரு வரி. இடம் போதாதென்றால் இந்த முறை விருந்தினரின் காலை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருநெல்வேலி