காயம் எங்கே என்று கேட்டீர்கள்

எங்கள் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் போனவர். இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் உங்கள் கவுண்டரில், அப்பாவுக்குத் தூக்கம் சரியில்லை, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "குண்டடி பட்டுச்சா? காயம் எங்க? அதுக்குப் பேப்பர் இருக்கா?" என்று கேட்டார் ஊழியர். அவர் மேல் வருத்தமில்லை. படிவத்தில் அந்தக் கட்டம்தானே இருக்கிறது.

காயம் எங்கே என்று இங்கே சொல்கிறேன். தமிழ் தெரிந்தவர் என்பதால் அப்பாவைத்தான் முன்னால் விட்டார்கள். வீடு வீடாகச் சோதனை போடும்போது, "வெளியே வாங்கம்மா, ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்று கூப்பிடுவது அவர் வேலை. உள்ளே இருந்தவர்கள் கெஞ்சியது மற்ற சிப்பாய்களுக்கு வெறும் அழுகைச் சத்தம். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அப்படிக் கூப்பிட்ட ஒரு வீட்டில் அப்புறம் என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்தில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. மளிகைக் கடையில் ஒருநாள் ஒரு பாட்டி, "ஐயா, கொஞ்சம் விலத்துங்கோ" என்று யாழ்ப்பாணத் தமிழில் வழி கேட்டார். அவ்வளவுதான். அப்பா அரிசிப் பையை அங்கேயே வைத்துவிட்டு, சைக்கிளையும் மறந்து, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கடைக்கு அவர் அப்புறம் போகவில்லை.

அங்கே பிள்ளையை இழந்தவர்கள் இதைப் படித்தால், இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்கலாம். கேட்கட்டும், நியாயம்தான். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது தமிழர்களைக் கொன்ற படை என்று அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அவர் நிலைமையில நானும் போயிருக்க மாட்டேன்" என்பார்.

நான் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள், ஒரு மனநல மருத்துவர், நம் மாவட்டத்திலேயே. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம் என்கிறீர்கள். கூட்டத்தில் பஸ் ஏற மறுப்பவரை ஐந்து மணி நேரம் எப்படிக் கூட்டிப் போவது?

குடியரசு தினத்தன்று மறக்காமல் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறீர்கள். வீட்டில் ஏழு சால்வை சேர்ந்திருக்கிறது. பீரோவில் இடமில்லை. டிவியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து போர் வேண்டும் என்று மேசையைத் தட்டுகிறவர்களுக்கு வேண்டுமானால் ஆளுக்கொன்று அனுப்பி வைக்கிறேன். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் செத்த அந்தப் போரில் அவர்கள் யாரும் ஒரு கதவைத் தட்டியதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். மாதம் ஒரு நாள், ஒரு மருத்துவர். 1987-ஆம் ஆண்டுப் பேப்பர் கேட்காத மருத்துவராக இருந்தால் நல்லது. தேதியை மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பாவைக் கூட்டி வருவது என் பாடு.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்