பிடரியில் கை வைத்ததைப் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

என் மகளுக்கு வயது 13. ஒன்றரை ஆண்டாகத் தலைவலி. என் மாமியார் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கண்ணாடி மாற்றினோம். ஓரிடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். இன்னோரிடத்தில், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார்கள். நானும் அதை நம்பி ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன். அதற்கு அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாயிற்று. அவளுடைய நோயைக் கண்டுபிடிக்கவும் சிகிச்சை கிடைக்கவும் உதவிய உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல இந்த மடல்.

முதலில் உடற்கல்வி டீச்சருக்கு. கோகோ பயிற்சியில், சிரிப்பு வரும் என்று தெரிந்ததுமே இவள் இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்வதை நீங்கள்தான் கவனித்தீர்கள். "வலி நெற்றியில் இல்லை, பின்கழுத்தில். இருமினால், சிரித்தால், குனிந்து எழுந்தால் வருகிறது" என்று நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். வீட்டில் தினமும் பார்க்கிற நாங்கள் நெற்றிக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தோம்!

அந்தத் தாளோடுதான் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வந்தோம். டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தாளைப் படித்த மருத்துவர் ஐயா, மகளின் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே தோசைக்கல் சுட்ட தழும்பு. "எப்போது சுட்டது?" அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வெந்நீர் ஊற்றிய சோதனைக் குழாயையும் குளிர்ந்த நீர் ஊற்றியதையும் அவள் கையில் மாற்றி மாற்றி வைத்தார். தொடுவது தெரிகிறது, சூடு தெரியவில்லை. அன்றே எம்.ஆர்.ஐ. எழுதினார்.

ஸ்கேன் அறைத் தம்பி, "இப்போது தையல் மெஷின் ஓடும், அடுத்து மரங்கொத்தி வரும்" என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். தையல்காரி மகள், அதனால் பயப்படவில்லை.

வந்த பெயர் கியாரி. 1891இல் ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் விவரித்த குறை. எங்கள் தெருவில் அதைக் 'கிளாரி' ஆக்கிவிட்டார்கள். சிறுமூளையின் கீழ்நுனி, மண்டையோட்டின் அடித்துவாரம் வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருந்தது. 5 மில்லிமீட்டர் இறங்கினாலே கணக்கில் எடுப்பார்களாம், இவளுக்கு 11. "குடத்தின் கழுத்தில் துணி அடைத்தது போல" என்றார் ஐயா. மூளை நீர் ஓட வழியில்லாமல் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி விழுந்திருந்தது. சூடு தெரியாமல் போனது அதனால்தான். பிடரி எலும்பில் சிறு துண்டையும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் எடுத்து, மூளை உறைக்கு ஒட்டுப் போட்டு இடம் விட்டார்கள். துணி பற்றவில்லை என்றால் நானும் ஒட்டுத்தானே போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவலிக்கும் குழந்தைகளை எல்லாம் ஸ்கேனுக்கு இழுத்துப்போக வேண்டாம் என்றும் ஐயா சொல்லச் சொன்னார். பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலி போன்றவைதானாம். கியாரி இருந்தும் தொந்தரவே இல்லாதவர்கள் பலராம். அவர்களுக்குக் கத்தி தேவையில்லை.

காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் இருந்த அம்மா, ரேஷன் அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல் என்று நான் அழுதபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. இரவுப் பணி சிஸ்டர், தலையைத் தூக்காமல் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்.

வலி போய்விட்டது. கையில் சூடு இன்னும் முழுதாகத் தெரியவில்லை, நாளாகும் என்கிறார்கள். அடுப்பங்கரைப் பக்கம் அவளை விடுவதில்லை, அது அவளுக்கு வசதியாகிவிட்டது.

பக்கத்துப் படுக்கைப் பாட்டியம்மா, உங்கள் ஃபிளாஸ்க் எங்கள் மூட்டையோடு விழுப்புரம் வந்துவிட்டது. அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரும்போது வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். மூடி மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, மன்னிக்கவும்.