அந்த அரைமணி நேரம் போயிட்டு வா கண்ணா

கண்ணா,

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீ பேசினதுலேர்ந்து மனசு அங்கயே கெடக்கு. போன்ல சொன்னா நடுவுலயே சரிம்மா சரிம்மான்னு முடிச்சுடுவ, அதான் மத்தியானம் உக்காந்து டைப் பண்றேன், அவசரப்படாம படி.

ஆபீஸ் ஹெல்த் செக்கப் முடிஞ்சு உனக்கு லெட்டர் வந்திருக்கு, இடுப்பு 88 சென்டிமீட்டர், பாஸ்டிங் சுகர் 109, ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு 190, ஹோகென்ஷி (அங்க ஜப்பான்ல உடம்பப் பத்தி ஆலோசனை சொல்ற நர்ஸ்) கூட உக்காந்து பேச வரணும்னு தேதி போட்டிருக்காங்க. "தொப்பைன்னு லெட்டர் போட்டு கூப்பிடுறாங்கம்மா, அசிங்கமா இருக்கு, நான் போகல"ன்னு சொன்ன. அந்த வார்த்தைதான் எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு, ஏன்னா டேப்ப கையில வெச்சுக்கிட்டு கம்பெனி நர்ஸா அந்தப் பக்கம் 27 வருஷம் நின்னவ நான்.

உன்ன மட்டும் தனியா பொறுக்கி எடுத்து கூப்பிடல. ஜப்பான்ல 2008 ஏப்ரல்லேர்ந்து 40 வயசுலேர்ந்து 74 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு இன்சூரன்ஸ்காரங்க இத செஞ்சாகணும்னு சட்டமே இருக்கு. இடுப்பு அளவு ஆம்பளைக்கு 85, பொம்பளைக்கு 90 தான் அங்க கணக்கு (நம்ம ஊர்ல ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80, அங்க தலைகீழா இருக்கேன்னு எனக்கே ஆச்சரியம்). இடுப்பு அதத் தாண்டி, கூட சுகரோ பிரஷரோ கொழுப்போ ஒன்னு ஏறியிருந்தா ஒரு தடவ உக்கார வெச்சு பேசுவாங்க, ரெண்டு ஏறியிருந்தா மூணு மாசத்துக்குக் கொறையாம கூடவே வருவாங்க. உனக்கு சுகரும் கொழுப்பும், ரெண்டு. அதுக்குத்தான் அந்த லெட்டர், வேற ஒன்னும் இல்ல.

வெக்கம் எனக்கு தெரியாததில்ல. அம்பத்தூர்ல எங்க கம்பெனியில வருஷாந்திர செக்கப் நாள்ல டேப்ப எடுத்தாலே எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குவாங்க, நான் ஏதாவது பேச்சு குடுத்துக்கிட்டே இருந்து அவங்க மூச்ச விட்டு முடிக்கிற நேரம் பாத்துதான் அளவு எடுப்பேன். பிரஷர் இருந்தா லைன்லேர்ந்து மாத்திடுவாங்கன்னு பயந்து, அன்னிக்கு காலைல மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரைய வாங்கி போட்டுக்கிட்டு வந்தவங்க எல்லாம் உண்டு. அந்த பயத்த தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா பயந்துக்கிட்டு மறைச்சவங்களுக்கு என்னால ஒன்னுமே செய்ய முடியல.

நானும் ஆரம்பத்துல தப்பாதான் செஞ்சேன். போர்க்லிப்ட் ஓட்டுற அண்ணன் ஒருத்தர், சுகர் பார்டர்ல நிக்கும், வருஷா வருஷம் இனிப்ப கொறைங்கண்ணே, நடங்கண்ணேன்னு ஒப்பிப்பேன், அவரும் சரி சிஸ்டர்ன்னு கையெழுத்து போட்டுட்டு போயிடுவாரு, அடுத்த வருஷம் அதே நம்பர். நாலாவது வருஷம் அன்னிக்கு கூட்டம் இல்ல, சொல்றத விட்டுட்டு கேட்டேன், நேத்து நைட் ஷிப்ட்ல வாயில போட்டதெல்லாம் ஒன்னொன்னா சொல்லுங்கண்ணேன்னு. உள்ள நுழையும்போது ஒரு டீ, பத்தரைக்கு ஒன்னு, சாப்பாடு முடிஞ்சு ஒன்னு, ரெண்டு மணிக்கு ஒன்னு, நாலு மணிக்கு கண்ணு சொக்கும்போது ஒன்னு, வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல ஒன்னு. ஆறு டீ, ஒவ்வொன்னுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கர. மேஜைல இருந்த டம்ளர்ல பன்னெண்டு ஸ்பூன் கொட்டி காமிச்சேன், ஸ்பூனுக்கு 4 கிராம்னு வெச்சாலும் 48 கிராம் ஆகுது, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவரு டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அவரே சொன்னாரு, "நாலு மணி டீய விட முடியாது சிஸ்டர், தூங்கிட்டா வண்டிய எங்கயாவது இடிச்சுடுவேன், மத்ததுல சக்கர வேண்டாம்." அதத்தான் ரெஜிஸ்டர்ல எழுதினேன், அவரு வாயால சொன்னத. அடுத்த மாசம் கூப்பிடாமலே வந்து வாசல்ல நின்னாரு, வெயிட் பாருங்க சிஸ்டர்ன்னு.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, உங்க அப்பா கத உனக்கு முழுசா தெரியாது. அவரு வேல பாத்த எடத்துலயும் வருஷா வருஷம் ரத்தம் எடுத்தாங்க. 2009ல பாஸ்டிங் 118, அடுத்த வருஷம் 131, அதுக்கடுத்த வருஷம் 164. மூணு ரிப்போர்ட்டும் பீரோல எல்ஐசி பேப்பருக்கு கீழ இருந்துச்சு, நம்பர சுத்தி செவப்பு வட்டம், டாக்டர பாக்கவும்னு ஒரு சீல், அவ்ளோதான். ஒருத்தர்கூட அவர உக்கார வெச்சு பேசல. நான் பேசியிருக்கலாம், ஊர்ல எல்லார்கிட்டயும் பொறுமையா கேட்டவ வீட்டுல வெறும் திட்டு மட்டும்தான் திட்டினேன், அவரும் ரிப்போர்ட்ட காட்டாம ஒளிச்சுட்டாரு. 2013ல கால் வெரல எடுத்தாங்களே, உன்கிட்ட சின்ன கட்டின்னு சொன்னோம். இப்பவும் அந்த எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்க போடுற மெத்து செருப்பு) இல்லாம பாத்ரூம்கூட போகமாட்டாரு.

உனக்கு அங்க தனியா ஒருத்தர் அரைமணி நேரம் ஒதுக்கி வெச்சு காத்திருக்காங்கடா.

மேனேஜருக்கு தெரிஞ்சுடுமோன்னு யோசிக்காத, நீ அங்க பேசுறத வெளிய சொல்லக்கூடாதுன்னு அவங்களுக்கு சட்டம் இருக்கு. போறப்ப ஒரு வாரம் சாப்பிட்ட தட்டயெல்லாம் போட்டோ எடுத்துட்டு போ, ஏன்னா அவங்களுக்கு சாம்பார் சாதம்னா என்ன, நீ எத்தன கரண்டி போட்டுக்குவன்னு எப்படி தெரியும், நீதான் காட்டணும். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷன் பக்கத்து கொன்பினி கடைல வாங்குற ரெண்டு ஒனிகிரி சோத்து உருண்டையையும் அந்த டப்பா காபியையும் மறைக்காத. நடக்க டைம் இல்லன்னா இல்லன்னே சொல்லு, நாளைக்கு பத்தாயிரம் ஸ்டெப்னு எழுதிக்குடுத்துட்டு வராத, உன்னால ஆகுறது என்னவோ அத மட்டும் ஒத்துக்க. இப்ப 2024லேர்ந்து அவங்க கணக்கே 2 கிலோ, 2 சென்டிமீட்டர் தான், அது கொறைஞ்சாலே பெருசுன்னு எடுத்துக்கறாங்க. பத்து கிலோ கொறைன்னு யாரும் உன்ன கேக்கப்போறதில்ல.

மருமகளுக்கும் அடுத்த வருஷம் 40 ஆகுது, உன் இன்சூரன்ஸ்லயே அவளுக்கும் இந்த செக்கப் உண்டு, பேப்பர் வந்தா குப்பைல போட விடாத.

இங்க எனக்கும் மக்களைத் தேடி மருத்துவத்துல மாசாமாசம் ஒரு பொண்ணு வந்து பிரஷர் பாத்துட்டு போகுது, உப்ப கொறைச்சீங்களாம்மான்னு கேக்கும். ஊறுகாய் பாட்டில காட்டிடுவேன், உள்ளது உள்ளபடி.

வியாழக்கிழமை உனக்கு மூணு மணின்னா எனக்கு பதினொன்றரை, அடுப்பு வேல முடிஞ்சிருக்கும். வெளிய வந்ததும் கூப்பிடு, அவங்க என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னன்னு எனக்கு அப்படியே சொல்லணும். அப்பாவும் பக்கத்துல உக்காந்திருப்பாரு.

அம்மா